முத்தும் கட்டியும்: ‘வழக்கமில்லாத இடம்’ என்பது யாருடைய வழக்கம்?

மணப்பாட்டுக்குப் போகிறவர்கள் முதலில் ஏறுவது அந்த மணல் குன்றில்தான். மேலே 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். அதன் அடியில், 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஒரு பக்கம் கருமேனியாறு கடலில் விழும் இடம். மற்றப்படி எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான். வரலாற்று நூல்களில் முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை இது. கடலுக்கடியில் சிப்பி படிந்து கிடக்கும் பாறைத் தளங்களை ‘பார்’ என்று பரவர்கள் அழைத்தார்கள். இந்தப் பார்களுக்காகப் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வரிசையாக வந்து போனார்கள். இதெல்லாம் நமக்குப் பாடப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது.

நான் பேச வந்தது வேறு. ஒட்டுண்ணிப் புழு உடலுக்குள் போய், தன்னைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுமே, அந்தக் கட்டியைப் பற்றி. மருத்துவ இதழ்களில் நெடுங்காலமாக ஒரு வகைக் கட்டுரை வந்துகொண்டே இருக்கிறது: இன்ன புழுவின் கட்டி, ‘வழக்கமில்லாத ஓர் இடத்தில்’. நாக்கில் ஒன்று, கண்ணிமையில் ஒன்று, இதயத் தசையில் ஒன்று, முதுகெலும்பில் ஒன்று. மருத்துவருக்கு ஆச்சரியம், இதழுக்கு ஒரு பக்கம். சரி, நோயாளிக்கு? அந்த இடம் வழக்கமில்லாதது என்று யார் முடிவு செய்தது? புழுவா? புழு தன் வழக்கப்படிதான் போயிருக்கிறது. நாம் அங்கே பார்க்கும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சின்ன சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு போனால், இதே மாகாணத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில், இரண்டு கட்டிகளின் வரலாறு எதிரெதிரே நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று சிப்பிக்குள் இருந்த கட்டி. மற்றது ஒரு கூலியின் தலைக்குள் இருந்த கட்டி.

1

முத்து என்பது என்ன? மழைத்துளி, நிலாவொளி, தேவகன்னியின் கண்ணீர் என்றெல்லாம் சொன்ன காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முடிகிறது. 1852இல் இத்தாலியின் டூரின் பக்கம் நன்னீர்ச் சிப்பிகளை அறுத்துப் பார்த்த தெ ஃபிலிப்பி, முத்துக்கும் ஒட்டுண்ணிப் புழுவுக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். சில ஆண்டுகளில் அந்தக் கேள்வி நம் கடலுக்கு வந்துவிட்டது. இலங்கை அரசுக்காக 1857 முதல் மன்னார் வளைகுடாச் சிப்பிகளை ஆராய்ந்தவர் கெலார்ட். தொழிலால் அவர் ராணுவ மருத்துவர். சிப்பிக்குள் புழுக்களைக் கண்டார், முத்து உண்டாவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்றார். அதோடு நிற்காமல், நோய் இல்லாத பார்களிலும் இந்தப் புழுவைத் தொற்றவைத்தால் முத்து பெருகுமே என்று யோசித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நோயை ஒழிப்பதே தொழிலாகக் கொண்டவர் நோயைப் பரப்ப வழி தேடுகிறார். இதில் அவருடைய தனிப்பட்ட குற்றம் ஏதுமில்லை. சிப்பியின் நோய்தான் அரசின் வருமானம். ‘நோய்’ என்ற சொல்லின் பொருளையே வருமானம் புரட்டிப் போட்டுவிடுகிறது.

1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னல். பின்னாளில் மதராஸ் மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, இந்தக் கரையின் சங்கையும் படகுகளையும் பற்றி எழுதிய அதே ஹார்னல்தான். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அவர்களுடைய அறிக்கை லண்டன் ராயல் சொசைட்டி வழியாக வெளிவந்தது. நல்ல முத்தின் கருவில் இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் என்பது அவர்கள் வாதம். அந்தப் புழுவுக்கு முத்து செய்வது என்று பொருள்படும் லத்தீன் பெயர்கூட வைத்தார்கள். சிப்பியைக் கிளாத்தி தின்கிறது, கிளாத்தியைத் திருக்கை தின்கிறது, திருக்கையின் குடலில் புழு முதிர்கிறது, முட்டை கடலில் விழுகிறது, மறுபடி சிப்பி. இப்படி ஒரு முழுச் சுற்றையே வரைந்து காட்டினார்கள்.

ஒரு சிப்பிக்குள் எத்தனை கட்டி, ஈரலிலா, மேலுறைச் சதையிலா, இணைப்புத் தசையிலா, எந்த இடத்துக் கட்டி எப்படிப்பட்ட முத்தாகும் என்று மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி துபுவா, சிப்பியைக் கொல்லாமல் எக்ஸ்ரே கதிரால் முத்தைக் கண்டறியலாம் என்று 1900களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ராண்ட்கன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். பத்து வருஷத்துக்குள் சிப்பிக்கு எக்ஸ்ரே! நம்மூர் ஏழைக்கு எக்ஸ்ரே எப்போது வந்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

1905இல் இலங்கைப் பக்கம் நடந்த குளிப்பில் 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுக்கப்பட்டது. குதித்தவர்களில் இந்தக் கரைப் பரவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் அரபுக்காரர்களும் உண்டு. எடுத்ததை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அடுத்த ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனிக்குப் போயின. பிறகு சிப்பியே படியவில்லை. கம்பெனி நொடித்துப்போனது. 1912இல் ஜேம்சன் என்ற விலங்கியலாளர் அந்த முத்துகளையும் சீவல்களையும் மறுபடி ஆராய்ந்து, புழுதான் காரணம் என்பதற்குச் சான்று போதாது என்றார். இன்றைய அறிவும் அவர் பக்கம்தான். சிப்பியின் மேலுறைச் செல்கள் சில இடம்பெயர்ந்து உள்ளே போய் ஒரு பையாகின்றன, அந்தப் பைக்குள் முத்து வளர்கிறது. புழு அதற்கு ஒரு தூண்டுதலாக இருக்கலாம், அவ்வளவுதான்.

முடிவு தப்பு என்பது இங்கே பெரிதல்ல. பார்த்த பார்வையின் கூர்மைதான் விஷயம். ஒரு சிப்பியின் உடலில் எந்த மூலையும் அவர்களுக்கு ‘வழக்கமில்லாத இடம்’ ஆக இல்லை.

2

இப்போது இன்னொரு கட்டி. 1888இல் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் ஒரு மரணத்தைப் பதிவு செய்தார். மதராசில் ஒரு கூலி, வலிப்பு வந்து இறந்தவர். அவர் உடலில் பன்றி நாடாப்புழுவின் கட்டிகள் இருந்தன. இந்தியாவில் மனித மூளையில் இந்தக் கட்டி காணப்பட்டதற்கு முதல் பதிவாக மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் காட்டுவது இதைத்தான். அவரை இன்றைக்கும் குறிப்பது ‘மதராஸ் கூலி’ என்றுதான். எந்த ஊர், என்ன சாதி, துறைமுகத்தில் மூட்டை தூக்கினாரா, கப்பலேறக் காத்திருந்தாரா? எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. உடல் திறக்கப்பட்டது, கட்டி வரலாற்றுக்குள் போனது, ஆள் வெளியே நின்றுவிட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1889இல், தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு. மதராஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்கர் தர்ஸ்டன் நேரில் போனார். 1890இல் அவருடைய முத்து, சங்குக் குறிப்புகள் வெளிவந்தன. தர்ஸ்டனும் மருத்துவம் படித்தவர்தான், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தவர். சிப்பியைப் பார்த்த அதே மனிதர் பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டு சாதிசாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்ததை நாம் அறிவோம். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. மண்டை ஓட்டின் அகலம் மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கப்பட்டது. அதற்குள் கட்டி இருக்கிறதா என்பது அந்த அறிவின் கேள்வியாகவே இருக்கவில்லை. மிஷல் ஃபூக்கோ 1963இல் ‘மருத்துவப் பார்வை’ பற்றிப் பேசும்போது, உடலைத் திறந்து பார்த்ததில் நவீன மருத்துவம் பிறந்தது என்கிறார். காலனியில் இதற்கு ஒரு பின்குறிப்பு வேண்டும்: திறக்கப்படும் உடல் எது, அளக்கப்படும் உடல் எது என்ற பிரிவினையும் கூடவே பிறந்தது.

அந்தக் கரையில் இன்னொருவரும் இருந்தார், கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். அவர் வந்து சொன்னால்தான் குளியாள் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார். பகுத்தறிவு பேசிய அரசும் அவரை ஏற்றுக்கொண்டது, குளிப்பில் அவருக்குப் பங்கும் உண்டு. ஏனென்றால் குளியாள் இறங்கவில்லையென்றால் முத்து இல்லை. குளியாளின் பயம் அரசுக்குக் கணக்கில் வந்தது. குளியாளின் உடலுக்குள் என்ன இருந்தது என்பது வரவில்லை.

1912இல் கிருஷ்ணசாமி என்ற மருத்துவர், தசைவலியோடும் தோலுக்கடியில் முடிச்சுகளோடும் வந்தவர்களைப் பற்றி எழுதினார். இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது தசையிலும் இதயத்திலும் மூளையிலும் ஏராளமான கட்டிகள். ஜேம்சன் முத்தைப் பற்றி எழுதிய அதே 1912. சிப்பிக் கட்டி பற்றி ஐந்து பாக அறிக்கை, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. மனிதக் கட்டி பற்றிச் சில பக்கங்கள்.

3

புழு எப்படி வருகிறது? இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சாதி நுழைகிறது.

1855இல் ஜெர்மன் மருத்துவர் கூக்கன்மைஸ்டர், மரண தண்டனை பெற்ற ஒரு கைதியின் சாப்பாட்டில் பன்றிக் கட்டிகளைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறியபின் குடலைத் திறந்து பார்த்தார், இளம் நாடாப்புழுக்கள் இருந்தன. பன்றித் தசையில் இருக்கும் கட்டியும் மனிதக் குடலில் இருக்கும் நாடாப்புழுவும் ஒரே உயிர்தான் என்று நிரூபணமானது. அதே கூக்கன்மைஸ்டர் 1856இல் எல்ஸ்டர் ஆற்றுச் சிப்பிகளில் முத்து உண்டாவதற்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி உண்ணி என்று எழுதியவர். பன்றிக் கட்டியும் முத்தும் ஒரே மேசையில் இருந்திருக்கின்றன! வேதத்தில் முத்தும் பன்றியும் அடுத்தடுத்து வரும் இடம் மணப்பாட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1906 குளிப்பு முகாமில் அதிகாரியாக இருந்த லெனார்ட் வுல்ஃப், 1921இல் அந்த முகாமை வைத்து வெளியிட்ட கதைக்கு இட்ட தலைப்பும் ‘முத்துகளும் பன்றிகளும்’ என்பதே.

வேகாத பன்றிக்கறியில் உள்ள கட்டியைத் தின்றால் மனிதருக்கு வருவது குடலில் நாடாப்புழு. மூளையில் கட்டி அல்ல. சில மீட்டர் நீளம் வளரும் அந்தப் புழுவின் துண்டுகள் மலத்தோடு வெளியே வரும். ஒவ்வொரு துண்டிலும் ஆயிரக்கணக்கில் முட்டை. அந்த மலத்தைப் பன்றி தின்றால் பன்றிக்குக் கட்டி. அதே முட்டை தண்ணீரிலோ கீரையிலோ சோறு பரிமாறும் கையிலோ ஒட்டி மனித வாய்க்குள் போனால் மனிதருக்குக் கட்டி. முட்டை உடைந்து, குஞ்சு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு போய்த் தசையில், கண்ணில், நாக்கில், மூளையில் தங்குகிறது. ஆக, மூளைக் கட்டிக்கான பாதை கறி அல்ல, மலம். பன்றியை வாழ்நாளில் தொடாதவருக்கும் வரும். சுத்த சைவருக்கும் வரும். இந்தியாவில் இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பன்றிக்கறி தின்னாதவர்களே.

ஆனால் பொதுப்புத்தி என்ன சொல்கிறது? “அது பன்னிக்கறி திங்கிறவன் சீக்கு.” படித்தவர்களும் சொல்கிறார்கள். பன்றி வளர்க்கிறவர்களும் தின்கிறவர்களும் சாதி அடுக்கின் அடியில் தள்ளப்பட்ட சமூகத்தில் இந்த வாக்கியம் வெறும் மருத்துவப் பிழை இல்லை, ஒரு தீண்டாமை வாக்கியம். நோயைச் சேரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறது. அதனால் என்ன ஆகிறது தெரியுமா? அக்கிரகாரத்துப் பையனுக்கு வலிப்பு வந்தால் இந்த நோயை யாரும் நினைக்க மாட்டார்கள். அவனுக்கும் சேர்த்துத்தான் கேடு.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. நியூயார்க்கில் பன்றியே தொடாத வைதீக யூதர்கள் நால்வருக்கு மூளையில் இந்தக் கட்டி இருந்ததை 1992இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. அங்கே விரல் நீண்டது லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த வீட்டு வேலைக்காரப் பெண்களை நோக்கி. குடலில் புழு இருப்பவரிடமிருந்து தொற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணும் நோயாளி என்பதும், ஒரே வேளை மருந்தில் அவள் புழு போய்விடும் என்பதும் அந்த விரலுக்குத் தெரிவதில்லை.

4

இந்தக் கட்டியை மருத்துவ உலகம் உட்கார்ந்து படித்தது எப்போது? வெள்ளைச் சிப்பாய்க்கு வந்தபோது.

1930களில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் மக்ஆர்தர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய சிப்பாய்களுக்கு நடுவயதில் திடீரென்று வலிப்பு. குடும்பத்தில் யாருக்கும் இல்லை. சிலருக்குப் பைத்தியம், சிலருக்கு ஹிஸ்டீரியா, சிலருக்கு வேலைக்கு டிமிக்கி என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அவர் தோலுக்கடியில் முடிச்சு தேடினார், தொடையை எக்ஸ்ரே எடுத்தார். தலைக்குள் இருக்கும் நோய்க்குத் தொடையில் படம்! காரணம் இருக்கிறது. கட்டிக்குள் புழு செத்தபின் உடல் அதைச் சுண்ணாம்பாக்கி மூடிவிடும். தசையில் இருப்பது சில ஆண்டுகளில் நெல்மணி போல எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். மண்டைக்குள் இருப்பதை அன்றைய எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டாது. தசை சாட்சி சொன்னால் மூளையையும் நம்பலாம். இந்த வழியில் சேர்ந்த 450 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1961இல் டிக்சனும் லிப்ஸ்காம்பும் அறிக்கை வெளியிட்டார்கள். புழு உள்ளே போனதற்கும் முதல் வலிப்புக்கும் நடுவே ஆண்டுகள் ஓடலாம் என்பதை உலகம் தெரிந்துகொண்டது இதிலிருந்துதான்.

நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிப்பாய் தொற்றிக்கொண்டது எங்கே? இதே மண்ணில். அவனுக்குச் சமைத்தவர், துணி துவைத்தவர், கக்கூஸ் அள்ளியவர் எல்லாம் அதே முட்டைகளுக்கு நடுவில் காலம் முழுக்க இருந்தவர்கள். அவர்கள் தொடையை யாரும் படமெடுக்கவில்லை. சில ஆண்டு இந்தியாவில் இருந்துவிட்டுப் போனவனுக்கு 450 பேர் கொண்ட ஆவணம், இங்கேயே பிறந்து இங்கேயே செத்தவருக்கு ‘கூலி’ என்ற ஒரு சொல்.

5

அடுத்த கட்டம் நம் பக்கத்து வேலூரில் நடந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை. 1980களில் சி.டி. ஸ்கேன் பரவியபோது ஒரு புதிர் முளைத்தது. வலிப்போடு வருகிறவர்களின் மூளையில் சின்னதாக ஒற்றை வளையம், சுற்றிலும் கொஞ்சம் வீக்கம். இது என்ன? பெரும்பாலான இடங்களில் சொன்ன பதில்: காசநோய்க் கட்டி. அது முட்டாள்தனம் இல்லை. இந்தியாவில் காசநோய் மூளையிலும் கட்டி போடும், அறுவை மருத்துவர்கள் நிறையப் பார்த்தவர்கள். ஆகவே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை. மறுபடி ஸ்கேன் எடுத்தால் வளையத்தைக் காணோம். “பாத்தீங்களா, மருந்து கேட்டுருச்சு, அப்ப அது டி.பி.தான்.” தர்க்கம் முடிந்தது.

ஆனால் காசநோய் மருந்து சாப்பிடாதவர்களிடமும், வெறும் வலிப்பு மாத்திரையோடு இருந்தவர்களிடமும், அதே வளையம் மறைந்தது. மேத்யூ சாண்டி, ராஜசேகர் முதலிய வேலூர் மருத்துவர்கள் அந்தச் சின்னக் கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பெரும்பாலும் சாகிற நிலையில் இருந்த பன்றி நாடாப்புழுவின் கட்டி. 1989இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. ‘இந்திய உடல் என்றால் காசநோய்’ என்று நாமே நம்மைப் பற்றி வைத்திருந்த சூத்திரம் உடைந்தது. காலனிய மருத்துவன் நம்மைப் பார்த்த பார்வையை நாம் எப்படி வாங்கி அணிந்துகொண்டோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதை இங்கிருந்தே கழற்றவும் முடியும் என்பதற்கும் இதுதான் உதாரணம்.

அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொருவர் மண்டையையும் திறக்க முடியாதே? திறக்காமல் சொல்ல ஒரு அளவுகோல் வகுத்தார்கள். வளையம் ஒன்றே, 20 மில்லிமீட்டருக்குக் குறைவு, மூளையை ஒரு பக்கம் தள்ளும் அளவு வீக்கம் இல்லை, தலைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி இல்லை, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் முற்றவில்லை, உடலில் வேறு இடத்தில் காசநோயோ புற்றோ இல்லை. இத்தனையும் பொருந்தினால் கத்தி வேண்டாம், காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடு. 1997இல் இதன் நம்பகத்தன்மையைச் சோதித்தும் காட்டினார்கள். அதோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்காமல் ஊருக்குள் போனார்கள். வேலூர் வட்டாரத்துக் கிராமங்களிலும் நகரத்திலும் வலிப்பு உள்ளவர்களை வீடு வீடாகக் கண்டு, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து வலிப்பு வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டிதான் காரணம்.

மூன்றில் ஒருவர்! இனி மூளையை ‘வழக்கமில்லாத இடம்’ என்று எந்த வாயால் சொல்வது?

6

வைத்தியத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 1979 முதல் பிராசிகுவான்டலும் 1980களில் அல்பெண்டசோலும் வந்தபின் புழுவைக் கொல்ல மருந்து கிடைத்தது. உடனே எல்லாருக்கும் கொடு என்று கிளம்பினால் ஆபத்து. உயிரோடு இருக்கும் புழு உடலின் காவலை ஏமாற்றி அமைதியாக உட்கார்ந்திருக்கும். செத்தால்தான் உடல் விழித்துக்கொண்டு தாக்கும், வீக்கம் வரும். வலிப்புக்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தாக்குதல்தான். ஆகவே வலிப்பு மாத்திரை முதலில், வீக்கம் அடக்க ஸ்டீராய்டு, அதன் துணையோடுதான் புழு மருந்து. கண்ணுக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் புழு மருந்து கூடாது. விழிக்குள் புழு செத்தால் பார்வை போகலாம், அதை அறுவையில்தான் எடுக்க வேண்டும். மூளை முழுக்க நூற்றுக்கணக்கில் கட்டி இருந்து மூளையே வீங்கியிருந்தால் புழு மருந்து உயிரையே எடுக்கும். சுண்ணாம்பாகிவிட்ட கட்டிக்கு அந்த மருந்தால் பயனே இல்லை.

நாக்கிலோ தோலுக்கடியிலோ ஒற்றைக் கட்டி என்றால் அல்ட்ராசவுண்டில் நீர்ப் பைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், அது புழுவின் தலை. வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் அதோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தலையையும் கண்ணையும் பார்க்க வேண்டும். தோலில் ஒன்று காட்டுகிற புழு உள்ளே எத்தனை வைத்திருக்கிறதோ. நாய் நாடாப்புழுவின் நீர்க்கட்டி வேறு வகை. ஈரலிலும் நுரையீரலிலும் அதிகம், எலும்பிலும் இதயத்திலும் அபூர்வம். அதை வெறும் சீழ்க்கட்டி என்று நினைத்து முன்யோசனை இல்லாமல் ஊசி குத்தினால், உள்ளே உள்ள நீர் சிந்தி உடல் அதிர்ச்சியில் ஆள் போய்விடக்கூடும், குஞ்சுகளும் பரவும். எங்கே எந்தக் கட்டி என்றாலும் முதல் கேள்வி ‘இது புழுவாக இருக்குமோ?’ என்பதாக இருந்தால் பாதி ஆபத்து குறையும்.

7

மறுபடி கரைக்கு வருவோம். கடல் தொழிலில் வலிப்பு என்றால் என்ன அர்த்தம் என்று மணப்பாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். தரையில் விழுந்தால் காயம், வள்ளத்திலிருந்து விழுந்தால் மரணம். நம் ஊர்களில் இன்னும் ‘காக்கா வலிப்பு’ என்று இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறோம். பேய் என்று சொல்லி உவரிக்கும் புளியம்பட்டிக்கும் கூட்டிப்போகிறோம். கோயிலுக்குப் போவதை நான் கேலி செய்யவில்லை. ஆஸ்பத்திரி கைவிட்ட இடத்தில் அந்தோணியார்தான் இருந்தார். கேள்வி, ஆஸ்பத்திரி ஏன் அத்தனை தூரத்தில் இருந்தது என்பதுதான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், பிறகு ஒரு ஸ்கேன். அந்த ஸ்கேன் வரைக்கும் போவதற்கான பாதைதான் இன்றைய அரசியல்.

இதை ஒழிக்க முடியாதா? முடியும். புழுவுக்கு மனிதனை விட்டால் முதிர வேறு இடமில்லை. குடலில் புழு உள்ளவருக்கு ஒரு வேளை மருந்து. பன்றிக்குத் தடுப்பூசி உண்டு, அதை ஹைதராபாத்திலேயே தயாரிக்கிறார்கள். மலம் மண்ணில் கிடக்காதபடி கக்கூஸும் சாக்கடையும். மலம் அள்ளுவதற்கு ஒரு சாதியை வைத்திருக்கும் வரை கக்கூஸ் பிரச்சினையை நம் சமூகம் தன் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. இரண்டாவது சட்டம் தேவைப்பட்டதே முதலாவதின் கதையைச் சொல்லிவிடுகிறது. நம் மூளைக்குள் இருக்கும் கட்டிக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது, டிக்சன் - லிப்ஸ்காம்ப் அறிக்கை வந்த அதே ஆண்டு. 1973இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை அறுத்து, இன்னொரு சிப்பியின் மேலுறைத் துண்டையும் ஒரு மணியையும் உள்ளே வைத்து, முத்து வளர்த்துக் காட்டினார்கள். சிப்பியின் வழக்கமில்லாத இடத்தில் நாமே வைக்கும் கட்டி. அது முத்தானது.

உள்ளே வந்த அந்நியத்தைச் சுண்ணாம்பு பூசி மூடுவது சிப்பிக்கும் மனிதத் தசைக்கும் பொதுவான வேலை. சிப்பியில் நடந்தால் அதற்கு விலை, அதற்கு விஞ்ஞானம், அதற்குக் குத்தகை. மனிதத் தலையில் நடந்தால், சுண்ணாம்பாகிப் போன அந்த மணியும் வருஷக்கணக்கில் வலிப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 1888இல் மதராசில் இறந்தவரின் பெயர் நமக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை. அடுத்து வலிப்போடு வருகிறவரின் பெயரையாவது கேட்போம், ஊரைக் கேட்போம், அந்த ஊரில் கக்கூஸ் இருக்கிறதா என்றும் கேட்போம். நோயறிதல் அங்கேதான் தொடங்குகிறது.